‘போல்ட் ஆக்‌ஷன்’: மரையாணியா, தாழ்ப்பாளா?

அன்புடையீர், வணக்கம்.

படைகள் கைவிட்ட பழைய ரைஃபிள்களில் இலக்குப் பயிற்சிக்கு ஏற்றதொன்றைக் குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரையின் தமிழாக்கத்தில், ‘போல்ட் ஆக்‌ஷன்’ (ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் ‘போல்ட்’ என்ற உறுப்பைக் கையால் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் முறை) என்பதற்கு ‘மரையாணி இயக்கம்’ என்று எழுதலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மரையாணி முறுக்கி இறுக்கப்படுவது. இங்கே பேசப்படும் போல்ட்டோ கதவுக்கு உரியது. பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுக்கிறோம், முன்னுக்குத் தள்ளிக் கீழே மடக்குகிறோம். கொல்லைக் கதவில் நாள்தோறும் செய்வதும் இதுதான். ஆகவே ‘தாழ்ப்பாள் துப்பாக்கி’ என்பதே என் பரிந்துரை.

உறுப்புகளின் பெயர்களில் ‘தாழ்’ என்று சுருக்கினால் ‘தாழ்தல்’ என்ற பொருளோடு மயங்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றே அதைத் தீர்த்துவைக்கும். ‘தாழ்சடை’ வினைத்தொகையாதலால் ஒற்று மிகவில்லை. ‘தாழ்க்கோல்’ என்பதில் மிகுந்தது. அவ்வழியே ‘தாழ்ப்பிடி’ (போல்ட்டின் கைப்பிடி), ‘தாழ்ப்பல்’ (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) என்று அமைக்கலாம். போல்ட்டின் முன்முனையான ‘போல்ட் ஹெட்’டுக்குத் ‘தாழ்த்தலை’ மட்டும் வேண்டாம். யாரையோ தாழ்த்துவதைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. அங்கே ‘தாழ்ப்பாள் தலை’ என்று விரித்தே எழுதுவோம்.

அந்த உறுப்பில் வாசகர் குழம்பக் கூடாது. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு 4ஆம் எண் ரைஃபிளில் தாழ்ப்பாள் தலை தனியே கழன்று வரும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட வெவ்வேறு நீளங்களில் அதைச் செய்தார்கள். தேய்மானத்தால் தோட்டாவின் அடிக்கும் தாழ்ப்பாள் முகத்துக்கும் நடுவே இடம் மிகுதியாகிவிட்டால், சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு கிழியக்கூடும்; நீளம் கூடிய தலையை மாட்டி அதைச் சரிசெய்யலாம். ஆங்கிலத்தில் ‘ஹெட்ஸ்பேஸ்’ எனப்படும், வாங்குமுன் அளக்கவேண்டிய இந்த அளவுக்குத் ‘தலையிடம்’ என்ற நேர்பெயர்ப்பைவிடத் ‘தாழிடைவெளி’ பொருந்தும்.

இனி ‘காக்கிங்’, அதாவது சுடுவதற்கு ஆயத்தமாக வில்லை இறுக்கிவைத்தல். பழைய துப்பாக்கியில் குதிரையை (வெளியே தெரியும் சுத்தியலை) பின்னுக்கு இழுத்து வைத்தோம். இவற்றில் குதிரை வெளியே தெரியாது, உள்ளே சுருள்வில்தான் இறுகுகிறது. வில் என்ற பிறகு ‘நாணேற்றல்’ என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. ஜெர்மனியின் மௌசர் 98 ரைஃபிளில் தாழ்ப்பிடியைத் தூக்கும்போதே நாணேறும், பிடியும் 90 பாகை எழவேண்டும். லீ-என்ஃபீல்டிலோ 60 பாகை போதும், தாழை முன்னே தள்ளி அடைக்கையில் நாணேறும். விரைந்து சுடுபவர்கள் பின்னதை விரும்பக் காரணம் இதுவே. பிடியைத் தூக்காமல் நேரே இழுக்கும் சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிளுக்கு ‘நேரிழுப்புத் தாழ்’ எனலாம்.

படைகள் கைவிட்ட இத்துப்பாக்கிகளைக் குறிக்கும் ‘படைக் கழிவு’ என்ற சொல்லையும் மாற்றக் கோருகிறேன். ‘படை உபரி’ போதும். சுவீடனின் எம்96 மௌசரின் அடிக்கட்டையில் சிறு பித்தளை வில்லை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். குழலின் உள்விட்டமும் அதன் நிலையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இத்தனை கவனமாகப் பேணிய பொருளைக் கழிவு என்பது அநியாயம். ஆனாலும் வில்லையை மட்டும் நம்பாமல், தாழை உருவி எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்க்கும்படி கட்டுரையில் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

அன்புடன்.