புதுப்பிப்பு: விளையாட்டு மையத்தில் மகளின் பிறந்தநாள்

மகளின் ஆறாவது பிறந்தநாளை உள்ளரங்க விளையாட்டு மையத்தில் கையைக் கடிக்காமல் நடத்துவது எப்படி என்று சென்ற மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். நேற்று விழா நல்லபடியாக முடிந்தது. நீங்கள் சொன்னபடி வார இறுதியைத் தவிர்த்து வாரநாள் மாலைக்கு மாற்றியதும், குறைந்தபட்சம் எத்தனை குழந்தைகளுக்குப் பணம் கட்டியாக வேண்டும், உடன் வரும் பெரியவர்களுக்கும் கட்டணம் உண்டா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டதும்தான் பெரிய மிச்சம். ஒன்றை மட்டும் கோட்டைவிட்டேன்: வழுக்காத காலுறை கட்டாயம் என்பதை அழைப்பிதழில் குறிப்பிடாததால், நான்கு குழந்தைகளுக்கு அங்கேயே கூடுதல் விலையில் வாங்க நேர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் கடைசி அரை மணியைக் கேக்குக்கு ஒதுக்கியது சரியான முடிவு. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடியுடன் பந்துக்குளத்திலிருந்து நேராக ஓடிவந்து அவள் மெழுகுவர்த்தியை ஊதிய காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.