உவர்மலைக் குடும்பம்: நிலாவெளிப் படம்

சாந்தி மாமி, மாலை 6.10
யாழினி, நீச்சல் பழகுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த உடையோடு நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த படத்தைக் குழுவில் போட்டிருக்கத் தேவையில்லை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

யாழினி, மாலை 6.24
மாமி, அது முழங்கால்வரை நீண்ட, அரைக்கை வைத்த நீச்சலுடை. முதல் வாரம் சுடிதாரோடுதான் இறங்கினேன். துணி நீரைக் குடித்துக் கனத்து, காற்சட்டை கால்களைச் சுற்றிக்கொள்ள, இடுப்பளவு தண்ணீரிலேயே தடுமாறி விழுந்தேன். அடக்கமாக மூழ்குவதைவிட இது மேல் என்று தோன்றியது.

ரவி, மாலை 6.31
போன மாதம் உப்புவெளியில் நான் சட்டையில்லாமல் நின்ற படத்தை இதே குழுவில்தான் போட்டேன். அம்மா அதற்கு இதயக் குறி இட்டிருந்தீர்கள்.

சாந்தி மாமி, மாலை 6.33
அது வேறு.

பெரியப்பா, மாலை 7.05
தங்கச்சி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்துப் பார். எங்கள் அம்மா அங்கே குறுக்குக்கட்டோடு நின்று, வாளியால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார். ஏழு கிணற்றுக்கும் போகாமல் திரும்பமாட்டார். ஈரத்துணியைக் களையும்போது உலர்ந்த சேலையின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பழையதை நழுவவிட்டு மறுகையால் புதியதைச் சுற்றுவார். தோளும் கெண்டைக்காலும் தெரியத்தான் செய்தன. அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் (ஆசிரியத் தொழிலை விட்டாலும் பழக்கம் விடவில்லை). திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காக அடிக்கப்பட்டார்கள். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மன்னரின் பிரகடனம் அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமையைக் கொடுத்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மேற்சட்டை மறுக்கப்பட்டிருந்தது. அன்று மூடியது குற்றம். இன்று போதிய அளவு மூடாதது குற்றம். இரண்டு முறையும் அந்த உடம்புக்குரியவளிடம் யாரும் கேட்கவில்லை.

சாந்தி மாமி, இரவு 7.22
அண்ணா, சரித்திரத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இடத்துக்கு ஒரு முறை இருக்கிறதல்லவா? கோயிலுக்குப் போகும்போது யாழினியும் சேலைதானே கட்டுகிறாள்.

யாழினி, இரவு 7.30
கட்டுகிறேன் மாமி, விரும்பித்தான் கட்டுகிறேன். அதே முறைப்படிதான் நல்லூர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது; அங்கே திறந்த மார்பு பக்தி. திருக்கடலூரில் கரைவலை இழுப்பவர்கள் வெற்றுடம்போடு நிற்கிறார்கள், அது தொழில். இடத்துக்கு ஒரு முறை என்றால், கடலுக்கான முறைதான் நான் போட்டிருந்தது. அந்த உடையோடு நான் கடைத்தெருவுக்குப் போகவில்லையே.

சாந்தி மாமி, இரவு 7.48
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கன்னியாவில் குளித்த காலத்தில் எவன் கையிலும் தொலைபேசி இருக்கவில்லை. பார்த்தவன் பார்த்துவிட்டுப் போனான். உன் படம் இந்தக் குழுவை விட்டு வெளியே போனால், எங்கே போகும், யார் என்ன எழுதி ஒட்டுவார்கள் என்று யோசித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதை உடையின் மேல் போட்டுப் பேசிவிட்டேன்.

யாழினி, இரவு 7.55
அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது மாமி. அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டேன். ஆனால் படத்தை நீக்கமாட்டேன்; திருடுபவனுக்காக நான் ஏன் ஒளிய வேண்டும்? இந்தக் குழுவில் இருக்கும் 23 பேரும் வெளியே அனுப்பாமல் இருந்தால் போதும்.

பெரியப்பா, இரவு 8.02
எல்லோரும் இதை வாசித்ததாகக் குறிப்பிடுங்கள். ரவி, நீயும்தான்.

சாந்தி மாமி, இரவு 8.40
யாழினி, அந்த வகுப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களையும் சேர்ப்பார்களா? முழுக்கை வைத்த உடுப்பு கிடைக்குமா என்றும் கேட்டுச் சொல்.