மோட்டார் ஸ்கில்: தமிழில் ‘தசை’ வேண்டுமா?

புதுச்சேரி, இயன்முறை மருத்துவர்:

எல்லோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். ‘மோட்டார் ஸ்கில்’ (உடலை ஒருங்கிணைத்து இயக்கும் திறன்) என்பதற்குத் ‘தசைத்திறன்’ என்றும், அதன் இரு பிரிவுகளுக்குப் ‘பெருந்தசைத் திறன்’ (ஓடுவது, குதிப்பது போன்றவை), ‘நுண்தசைத் திறன்’ (எழுதுவது போன்ற விரல் வேலைகள்) என்றும் போட்டிருக்கிறேன். அங்கன்வாடிப் பக்கம் புழங்கும் சொற்கள்தான். அச்சுக்குப் போகுமுன் குழுவில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

கடலூர், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

வணக்கம் டாக்டர். பழகிய சொற்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெற்றோருக்கு என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ‘உங்கள் பிள்ளைக்குத் தசைத்திறன் போதவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், மறுநாளே வீட்டில் முட்டையும் டானிக்கும்தான். பிள்ளைக்குச் சதை பிடிக்கவில்லை என்றுதான் எந்த அம்மாவும் படிப்பார்.

நொண்டியையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்பில் நொண்டி வராத பிள்ளையைக் கவனித்தால், தூக்கிய கால் விறைத்துக்கொண்டு முன்னால் நீட்டியிருக்கும். விழாமல் இருக்கக் கைகள் இரண்டும் மேலே போய்விடும். இரண்டு தத்தலில் கால் தரைக்கு வந்துவிடும். நன்றாக நொண்டியடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கால் மடங்கிப் பின்னால் இருக்கும், ஒவ்வொரு தத்தலுக்கும் ஊசல்போல வீசும், கைகளும் கூடவே வீசும். இரண்டு பேருக்கும் தொடையில் அதே சதைதான். எந்த உறுப்பு எப்போது என்று மூளை போடும் வரிசைதான் வேறு. பந்து பிடிப்பதும் அப்படியே. பழகாத பிள்ளை முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, பந்தை மார்போடு அணைக்கும்.

பிள்ளை இதில் பின்தங்குவதற்கான காரணங்களில் சாப்பாடும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, ரத்தசோகை எல்லாம் பின்னுக்கு இழுப்பவைதான். வாராவாரம் பிங்க் நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வீணில்லை. கண்பார்வைக் குறையையும் சேர்த்துவிடுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். ஆனால் இந்த வயதில் வாய்ப்பும் சொல்லிக்கொடுப்பும்தான் பெரிய காரணம் என்பேன். வளர வளரத் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஓட்டம் வரும், குறிபார்த்து எறிவது வராது. பெண் பிள்ளைகள் எறிவதில் பின்தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து வயதுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். தேவனாம்பட்டினத்து மணலில் ஓடி வளர்ந்தவனும், மாடிவீட்டில் ஃபோனோடு வளர்ந்தவனும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எடை பார்த்தால் மாடிவீட்டுப் பிள்ளைதான் கூடுதல்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிட்டால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு எடுத்துக்கொள்ளும். (மற்ற மாதங்களிலும் எடுத்துக்கொள்ளும், அது வேறு கதை.) 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கவும் நமக்குச் சரியான சொல் வேண்டும். ‘தசை’ என்றால் சத்துணவோடு முடிந்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘உடலியக்கத் திறன்’. ‘இயக்க நரம்பு’ ஏற்கனவே புழக்கத்தில் இருப்பதால் அதோடு ஒட்டும். ‘உடல்’ இல்லாமல் வெறும் ‘இயக்கத் திறன்’ வேண்டாம். நம் பக்கத்தில் இயக்கம் என்றதும் அறிவொளி இயக்கம்தான் நினைவுக்கு வரும்.

வில்லியனூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொல்வது சரி. பிரிவுகளைப் ‘பேரியக்கத் திறன்’, ‘நுண்ணியக்கத் திறன்’ என்று வைத்தால் ஓசையும் பொருந்தும். ‘அசைவுத் திறன்’ என்றும் யோசித்தேன், சுருக்கமாக இருக்கிறது.

கடலூர், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

ஐயா, நுண்ணியக்கம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பேரியக்கம் மட்டும் வேண்டாமே! தேர்தல் மைக்கில் ‘காங்கிரஸ் பேரியக்கம்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. நொண்டிக்குக் கூடக் கைவீச்சு வேண்டியிருப்பதால் ‘முழுவுடல் இயக்கத் திறன்’ என்று வைக்கலாம். கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டதும் விளங்கும். அசைவு எனக்குச் சரிப்படவில்லை. தூங்கும் பிள்ளையும் அசையும், அதில் திறன் எங்கே?

புதுச்சேரி, இயன்முறை மருத்துவர்:

முழுவுடல், நுண்ணியக்கம் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். அங்கன்வாடிக்காரர்கள் தேடுவார்கள் என்பதால் முதல் பக்கத்தில் மட்டும் ‘பெருந்தசை’யை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நுண்ணியக்கத்துக்கு எழுதுவதை மட்டுமே எடுத்துக்காட்டாக வைத்திருந்தேன். பொத்தான் போடுவது, கல்லாங்காய், பூத்தொடுப்பது எல்லாம் சேர்க்கிறேன். மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளும் ஒன்றாம் வகுப்பில் முழுதாக எலும்பாகியிருக்காது. பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் பெற்றோருக்கு அதையும் ஒரு வரி போடுகிறேன்.

பிள்ளைகளின் இயக்கத்தைப் பார்க்கும் சோதனைப் பட்டியலையும் தமிழில் போடுகிறேன். அதில் ‘ஹாப்’ நொண்டி, ‘லீப்’ தாண்டல், ‘காலப்’ குதிரையோட்டம். ‘ஸ்லைடு’க்குத்தான் சொல் கிடைக்காமல் நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு கால் நகர, மறுகால் வந்து சேர்வது. ‘சறுக்கல்’ என்றால் பிள்ளை விழுந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

கடலூர், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

கபடியில் பாடிப்போகிறவன் கோட்டோரமாக நகர்வது அதுதானே? பிள்ளைகளிடம் ‘கபடி மாதிரி நகரு’ என்றால் உடனே செய்துகாட்டுவார்கள். ‘பக்க நகர்வு’ என்று போடுங்கள் டாக்டர், போதும்.