பழைய ஸ்டீரியோ ஆல்பங்கள் ஹெட்ஃபோனில் உறுத்துவது ஏன்?

கேள்வி:
அண்மையில் ஹெட்ஃபோனில் கேட்டவை: பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ (1965), மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959), மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971). முதலாவதில் குரல் ஒரு காதில், வாத்தியங்கள் மறு காதில். காது குடைகிறது. அதைவிடப் பழைய மைல்ஸ் அப்படி இல்லையே? மார்வினோ இரண்டு பேராகப் பாடுகிறார். என் ஹெட்ஃபோன்தான் கோளாறா?

பதில் 1:
ஹெட்ஃபோன்மேல் பழி போடாதீங்க. 1965இல் பீட்டில்ஸுக்கு மோனோ மிக்ஸ்தான் (இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் கலவை) முக்கியம். ஸ்டீரியோ பின்னால் வந்த வேலை. மைல்ஸ் பதிவு மூன்று டிராக் (தனித்தனி ஒலித்தடம்). சாக்ஸஃபோன் வாசிக்கும் கோல்ட்ரேன் இடம், கேனன்பால் வலம் என்றாலும் மைல்ஸின் ட்ரம்பெட் நடுவில் நிற்கிறது, அதனால் காது தாங்குகிறது.

ரப்பர் சோலுக்கு 2009 மோனோ பதிப்பைத் தேடுங்க. போனில் ‘மோனோ ஆடியோ’வைப் போடுவது அதற்கு ஈடாகாது: இரண்டு பக்கத்தையும் கூட்டினால் நடுவில் இருப்பது தூக்கலாகும், ஓரத்தில் இருப்பது அமுங்கும். மோனோ கிடைக்காவிட்டால் பிளேயரில் கிராஸ்ஃபீட் (ஒரு காதின் ஒலியைக் கொஞ்சம் மறு காதுக்கும் கலந்துவிடும் வசதி) போடுங்க, குறைந்த அளவில். அந்த அளவை ஏற்றினால் சத்தம் மந்தமாகிவிடும்.

பதில் 2:
மைல்ஸில் பதிப்பையும் பாருங்க. 1959 மார்ச் 2 அமர்வில் டேப் மெஷின் மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியதால் இசைத்தட்டின் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி ஏறிப்போயின. 1990களில்தான் திருத்தினார்கள். சோதிப்பது சுலபம்: முதல் உருப்படியான ‘சோ வாட்’ டி டோரியன், அதாவது டி (D) சுரத்தை ஆதாரமாகக் கொண்டது. டியூன் சரியாக உள்ள கீபோர்டில் டியை அழுத்துங்க. பதிவின் சுருதி லேசாக மேலே நின்றால் பழைய, திருத்தாத மாஸ்டர் (பதிப்பின் மூல ஒலி).

பதில் 3:
மார்வின் விஷயம் கோளாறே இல்லை. ஒரே பாட்டை இரண்டு முறை பாடிய டேக்குகளை ஒப்பிட்டுக் கேட்கக் கொடுத்தபோது, என்ஜினியர் தவறுதலாக இரண்டையும் ஒன்றாக ஓட்டினார். மார்வினுக்குப் பிடித்துப்போய் அதையே உத்தியாக்கிக்கொண்டார். 2001 டீலக்ஸ் பதிப்பில் முதலில் செய்த டெட்ராய்ட் மிக்ஸும் உண்டு, பூச்சு குறைவு. ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸை அதில் கேட்டுப் பாருங்க.

ஒன்று மட்டும்: எந்தப் பதிப்பை ஒப்பிட்டாலும் முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்க. ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல மாஸ்டர் என்று காது தீர்ப்பு சொல்லிவிடும்.