ஆஸ்ரவம், ஆசவம்: ‘ஊற்று’ என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வினை உயிரிடம் வந்து சேர்வதைக் குறிக்கும் சமணத்தின் ஆஸ்ரவத்துக்கும், உள்ளத்தில் ஊறிக் கிடக்கும் குற்றங்களைக் குறிக்கும் பௌத்தத்தின் ஆசவத்துக்கும் ‘ஊற்று’ என்று ஒரே கலைச்சொல்லை வைக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். வேர் ஒன்றாயினும் பொருள் வேறு.

சமணத்துக்கு நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு எனத் தமிழ்ச் சமணர் ஒன்பது பொருள்களுக்கும் முன்பே பெயரிட்டுவிட்டனர். அவர்களுக்கு வினை என்பது நுண்ணிய புற்கலம், அதாவது சடப்பொருள். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் இயக்கத்தால் அது உயிரிடம் மெய்யாகவே வந்து சேர்கிறது என்பது சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் இயல் கூறுவது. உயிரை ஏரியாகக் கொண்டு, அதற்கு வாய்க்கால்வழியே நீர் வருவது ஊற்று, அவ்வாய்க்காலை அடைப்பது செறிப்பு, தேங்கிய நீரை வற்றச்செய்வது உதிர்ப்பு என்று எண்ணிப்பார்த்தால் மூன்று சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது விளங்கும்.

பௌத்தத்திலோ அந்த ஏரியே இல்லை. நிலைத்த உயிர் மறுக்கப்படுகிறது. வினையும் அங்கே பொருளன்று, எண்ணமே வினை. காமம், பவம் (பிறவி இருப்பு), அவிச்சை (பேதைமை) என்னும் ஆசவங்கள் உள்ளத்திலேயே நாள்பட்டுக் கிடந்து பொங்குபவை. பௌத்தர் இச்சொல்லைச் சமணரிடமிருந்து பெற்றனர் என்று ஜெர்மானிய இந்தியவியல் அறிஞர் ஹெர்மன் ஜாக்கோபி வாதிட்டதும் இதனாலேயே: நேர்ப்பொருள் சமணத்தில்தான் பொருந்துகிறது.

ஆகவே பௌத்தத்துக்கு ‘ஊறல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழில் படிக்கும் அதே சொல்தான். முகம் சுளிக்க வேண்டாம். நெடுநாள் ஊறிய மதுவை ஆசவம் என்பதுபோல என்றுதான் பாலி உரைகளும் விளக்குகின்றன. நாட்டுமருந்துக் கடையில் இன்றும் திராட்சாசவம் கிடைக்கிறது. ‘மாசு’ என்ற சொல், உள்ளத்தின் அழுக்கைப் பொதுவாகக் குறிக்கும் கிலேசத்துக்கு வேண்டும். ‘கசிவு’ என்பதைத் தேவாரம் பக்திக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ஊறு’ என்று சுருக்கவும் வழியில்லை. பிறவித் துன்பத்தின் காரணத் தொடராக மணிமேகலை சொல்லும் பன்னிரு சார்புகளில் வாயிலுக்கும் (புலன்களுக்கும்) நுகர்வுக்கும் இடையே அது புலனும் பொருளும் கூடும் தொடுகையைக் குறிக்கிறது.

இதன்படி காம ஊறல், பவ ஊறல், பேதைமை ஊறல் என்று மூன்றும் அமையும்; ஆசவங்கள் அற்றுப்போன கீணாசவரை ‘ஊறல் வற்றியவர்’ எனலாம். நான்காவதாக எண்ணப்படும் திட்டி (தவறான காட்சி) ஆசவம்தான் இடிக்கிறது. நற்காட்சி இரு சமயங்களிலும் நெறியின் முதற்படி என்பதால் ‘காட்சி ஊறல்’ என்றால் நல்லதைக் குற்றமாக்கியதுபோல் ஆகிவிடும். இப்போதைக்குப் ‘பொய்க்காட்சி ஊறல்’ என்று நீட்டி எழுதி வைத்திருக்கிறேன். இதனினும் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.