ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலை நீக்கினால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
யூஎஸ்பி மைக்கில் கதை வாசித்துப் பதிவு செய்கிறேன். ஃபேன் இரைச்சல் பின்னால் தொடர்ந்து கேட்கிறது. குரல் சன்னமாக இருந்ததால் முதலில் கம்ப்ரெசர் போட்டுத் தூக்கினேன். அப்புறம் நாய்ஸ் ரிடக்‌ஷனில் 30 டெசிபெல் வைத்தேன். இரைச்சல் போய்விட்டது, ஆனால் 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் தகரம் போல கிணுகிணுக்கிறது. வேறு மென்பொருளுக்கு மாறவா?

மறுமொழி 1:
மாற வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். கம்ப்ரெசர் உரத்த இடத்தை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கும். அதனால் நீங்கள் பேசாத இடைவெளியில் ஃபேன் சத்தம் பெரிதாகிவிடும், குரலுக்கு அடியில் இருப்பது அவ்வளவு ஏறாது. இடைவெளியிலிருந்து மாதிரி எடுத்தால், இருப்பதைவிட அதிக இரைச்சல் இருப்பதாக மென்பொருள் நினைத்துக் குரலையும் சேர்த்து அரித்துவிடும். 30 என்பதும் ரொம்ப அதிகம்.

தொடாத மூலப் பதிவைத் திறந்து, ஃபேன் மட்டும் கேட்கும் ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். மூச்சுச் சத்தம் உள்ளே வரக்கூடாது. பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து குறைக்கும் அளவு 12 டெசிபெல், சென்சிடிவிட்டி 6, ஃப்ரீக்வென்சி ஸ்மூத்திங் 3 என்று வைத்துப் பாருங்கள். கம்ப்ரெசர் அதற்குப் பிறகுதான்.

கேட்டவர்:
புராஜெக்டைச் சேமித்து மூடிவிட்டேன். இப்போது அன்டூ வரவில்லையே?

மறுமொழி 2:
வராது. மூடியதும் அன்டூ வரலாறு போய்விடும், ஏயூபி3 கோப்பில் (ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பு) கடைசி நிலை மட்டும்தான் இருக்கும். பதிவு முடிந்த கையோடு வேவ் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. எம்பி3 இதற்கு உதவாது.

இன்னொன்று: இரைச்சல் நீக்கும் அதே பெட்டியில் 'ரெசிடியூ' என்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து பிரிவியூ கேட்டால், எதை நீக்கப் போகிறது என்பது மட்டும் ஒலிக்கும். வெறும் 'உஸ்' என்றால் சரி. வார்த்தை புரிந்தால் அளவைக் குறையுங்கள். எனக்கு இந்த ஒரு பொத்தான் போதும், மற்ற எண்களை நான் மனப்பாடம் செய்வதே இல்லை.

கேட்டவர்:
முதல் அத்தியாயத்தின் வேவ் பிரதி கிடைத்தது. 12இல் ரெசிடியூவில் 'ஷ' லேசாகக் கேட்டது, 9இல் இல்லை. இப்போது குரல் இயல்பாக இருக்கிறது. ஃபேன் மெலிதாகக் கேட்கிறது.

மறுமொழி 1:
அந்த மெலிசு இருக்கட்டும். அடுத்த பதிவில் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். முடிந்தால் ஃபேனையும் அணைத்துவிடுங்கள்.