மூச்சு வந்துருச்சு, ஆனா உடம்பு வலி... நுரையீரல் மாற்று ஆபரேஷன் ஆனவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 47, ஊரு மதுரை. 2022 அக்டோபர்ல சென்னையில ரெண்டு நுரையீரலும் மாத்துனாங்க. ஐஎல்டி, அதாவது நுரையீரல் தழும்பாகி இறுகிப்போற நோய், வருஷக்கணக்கா மாடியில புறா எச்சத்தை சுவாசிச்சு வந்ததுன்னு சொன்னாங்க. கடைசி எட்டு மாசம் ஆக்சிஜன் மெஷினோடதான் வாழ்ந்தேன், பாத்ரூம் போய்ட்டு வந்தா ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 70க்கு எறங்கிரும். ஆபரேஷன் முடிஞ்சு டியூப் எடுத்த அன்னைக்கு ஆக்சிஜன் இல்லாம 98னு காட்டுச்சு, அதைப் பாத்து என் வீட்டுக்காரர் வெளிய போய் நின்னு அழுதாரு.

நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. மூச்சைப் பத்தி எல்லாரும் சொல்லி அனுப்புனாங்க, ஆனா உடம்பு இப்படி வலிக்கும்னு நான் நெனச்சே பாக்கல. மார்புக்கு கீழ இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் குறுக்க ஓப்பன் பண்ணுவாங்க இல்லையா, அந்த இடம் முழுக்க ஒரு பக்கம் மரத்துப்போய் ஒரு பக்கம் மொளகாத்தூள் தடவுன மாதிரி எரியும், சேலை முந்தானை பட்டாக்கூட தாங்காது. விலா எலும்புக்கு நடுவுல ஓடுற நரம்பு அடிபடுறதால வர்றது, அதுக்கு நரம்பு மாத்திரை தனியா குடுத்தாங்க, நாலு மாசத்துல பாதி கொறஞ்சது. இருமுறப்ப தலகாணியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கன்னு பிசியோ தங்கச்சி சொல்லிக்குடுத்துச்சு, அது பெரிய உதவி. தோள்பட்டை தனி வேதனை, வலிக்குமோன்னு பயந்து கையைத் தூக்காமலே ரெண்டையும் உள்ளார மடக்கி வச்சு வச்சு தோளே இறுகிப்போச்சு, தலை சீவ மகதான் வரணும்.

தொடையில பலமே இல்ல. 19 நாள் ஐசியூ, அதோட ஸ்டீராய்டு. சேர்ல இருந்து கையை ஊணாம எந்திரிக்க முடியாது, படியில முதல் படிக்கே கால் ஏறாது. ஸ்டீராய்டால சதை தேயுறது பொதுவா வலிக்காது, பலம்தான் போகும், இடுப்பையும் தொடையையும்தான் மொதல்ல பிடிக்கும்னு டாக்டர் சொன்னாரு. உசரமான சேர்ல இருந்து எந்திரிச்சு உக்கார்றது ஒரு நாளைக்கு மூணு வேளை, அஞ்சு தடவைல ஆரம்பிச்சு இருவது தடவை வரைக்கும் கொண்டு வந்தேன். ஆறு மாசம் ஆச்சு.

இதெல்லாம் ஓரளவு சரியாகி வந்தப்ப ஒம்பதாவது மாசம் வேற ஒரு வலி ஆரம்பிச்சுச்சு. எலும்பு வலி. முழங்காலுக்கு கீழ முன்னெலும்பு, முழங்கை, விரல் கணு. விரல்ல அங்கங்க முடிச்சு முடிச்சா வீக்கம், தொட்டா உயிர் போகும். ராத்திரி போர்வை கால்ல பட்டா முழிச்சிருவேன். இதை ரெண்டு மாசம் நான் யார்கிட்டயும் சொல்லல. ஏன்னு கேளுங்க. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை இறந்துபோய், அந்த துக்கத்துலயும் அந்தக் குடும்பம் சம்மதிச்சு குடுத்தது இந்த மூச்சு, இதை வாங்கிக்கிட்டு கால் வலிக்குது கை வலிக்குதுன்னு சொல்றது நன்றி கெட்ட பேச்சுன்னு மனசுல ஒரு எண்ணம். செக்கப்புல "எப்படிம்மா இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லிட்டு வந்துருவேன். ஊதிக் காட்டுற டெஸ்ட் நல்லா இருந்ததால அவங்களும் விட்டுட்டாங்க.

என் மகதான் ஒரு நாள் டாக்டர்கிட்ட "அம்மா ராத்திரி தூங்கறதே இல்ல"ன்னு போட்டு ஒடச்சிருச்சு. உடனே ரத்தம் எடுத்தாங்க, எலும்புல கோளாறு இருந்தா ஏறுற அல்கலைன் பாஸ்படேஸ் ரொம்ப ஏறிக் கெடந்தது, எலும்பு ஸ்கேன்ல வலிக்கிற எடமெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சது. காரணம் வோரிகோனசோல். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்காக மாசக்கணக்கா தின்ன மாத்திரை, அதுல ஃப்ளோரின் இருக்கு, நாள்பட சாப்பிட்டா சிலருக்கு ஃப்ளோரைடு உடம்புல சேந்து எலும்போட மேல் சவ்வு வீங்கிரும்னாங்க. மாத்திரையை போசகோனசோலுக்கு மாத்துனாங்க, மாத்துன கையோட டாக்ரோ (டாக்ரோலிமஸ், புது நுரையீரலை உடம்பு ஒதுக்காம இருக்கச் சாப்பிடற மாத்திரை) லெவலையும் அடிக்கடி பாத்தாங்க, ஏன்னா இந்தப் பூஞ்சை மாத்திரை எல்லாமே டாக்ரோவை ஏத்திரும், நிறுத்துனா எறங்கிரும். பத்து நாள்ல வலி பாதியாச்சு, ஒரு மாசத்துல கால் என் கால் மாதிரி ஆச்சு. ரெண்டு மாசம் வாயை மூடி இருந்ததை நெனச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

உங்களுக்கு எங்க வலிச்சுச்சு, என்ன காரணம்னு கண்டுபிடிச்சாங்க, சொல்லுங்க. புதுசா ஆபரேஷன் ஆனவங்களுக்கு உதவும்.

நொய்யல் மைந்தன்:

அக்கா, நீங்க சொன்ன அந்த எண்ணம் எனக்கும் இருந்துச்சுங்க. எனக்கு ஆபரேஷன் ஆகி மூணு வருசம் ஆச்சு. எனக்கு வலி ரெண்டு பாதத்துலயும். ஒரே மாதிரி ரெண்டு பக்கமும், நின்னா எரியும், காலைத் தூக்கி தலகாணி மேல வச்சா கொஞ்சம் தேவலாம். ஷுகர் நரம்புன்னு முதல்ல நெனச்சோம், ஏன்னா ஸ்டீராய்டு ஆரம்பிச்சதுல ஷுகரும் வந்துருச்சு. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா பாத எலும்புக்குள்ள மஜ்ஜையில நீர் கோத்திருக்குன்னாங்க. அப்ப டாக்ரோ லெவல் 17. எனக்கு வச்சிருந்த அளவு 10க்கும் 12க்கும் நடுவுலதான். எப்படி ஏறுச்சுன்னு தோண்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, அதுக்கு முந்தி தொண்டை வலிக்கு வீட்டுப் பக்கத்து கிளினிக்ல கிளாரித்ரோமைசின் எழுதிக் குடுத்திருந்தாங்க, நானும் டிரான்ஸ்பிளான்ட் டீம்கிட்ட கேக்காம சாப்ட்டுட்டேன். அந்த ஆன்டிபயாட்டிக் டாக்ரோவை கல்லீரல்ல கரைய விடாது. லெவல் எறங்குனதுக்கு அப்புறம் வலி மெல்ல மெல்லத்தான் போச்சு, முழுசா போக மூணு மாசம். இப்பல்லாம் இருமல் மருந்து வாங்கறதா இருந்தாக்கூட கோஆர்டினேட்டருக்கு போட்டோ அனுப்பிட்டுத்தான் வாயில வைக்கறேனுங்க.

அதுபோக ராத்திரி கெண்டக்கால்ல கொரக்களி இழுக்கும் பாருங்க, தூக்கத்துல கத்திட்டு எந்திரிப்பேன். மெக்னீசியம் 1.2ன்னு வந்துச்சு. டாக்ரோ சாப்புடறவங்களுக்கு சிறுநீரகம் மெக்னீசியத்தை வெளிய விட்டுருமாம். மாத்திரை குடுத்தாங்க, நின்னுருச்சு. கால் இழுக்குதுன்னா மொதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்க.

அப்பாவின் மகள்:

நான் அப்பாவுக்காக எழுதறேன், திருச்சி. அப்பாவுக்கு 61. ரெண்டாவது வருஷத்துல வலது தொடை இடுக்குல வலி, நடந்தா முழங்கால் வரைக்கும் எறங்கும். வாயுன்னு சொந்தக்காரங்க எண்ணெய் தேச்சுவிட்டாங்க. எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு, நாங்களும் நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டோம். அந்த நிம்மதியிலயே அஞ்சு மாசம் போயிருச்சு, அப்பா நொண்ட ஆரம்பிச்சுட்டாரு. எம்ஆர்ஐ எடுத்தப்பதான் தொடை எலும்போட உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சது, ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு வர்றதுதான், ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாதாம். சீக்கிரம் பாத்திருந்தா எலும்பை ட்ரில் பண்ணி அழுத்தத்தைக் கொறைச்சுப் பாத்திருக்கலாம், எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிருச்சு. முதுகுல ஊசி போட்டு இடுப்பு மூட்டு மாத்துனாங்க, புது நுரையீரலுக்கு முழு மயக்கம் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. இப்ப அப்பா வாக்கர் இல்லாம மார்க்கெட் வரைக்கும் போய் காய் வாங்கிட்டு வர்றாரு. ஸ்டீராய்டு சாப்பிடறவங்க தொடை இடுக்குல வலின்னு சொன்னா எக்ஸ்ரேயோட நிக்காதீங்க, ப்ளீஸ்.

தாமிரபரணி தம்பி:

அக்கா ஒரே ஒரு விஷயம். மெடிக்கல்ல போய் வலி மாத்திரை கேட்டு வாங்காதீங்க. நான் முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் நாலு நாள் போட்டேன், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 1.1ல இருந்து 2.4க்கு போயிருச்சு, ஒரு வாரம் படுக்கை. டாக்ரோவும் சிறுநீரகத்துக்கு போற ரத்தக்குழாயைச் சுருக்கும், இந்த மாத்திரையும் சுருக்கும், ரெண்டும் சேந்தா தாங்காது. பாராசிட்டமால் எனக்கு அனுமதிச்சிருக்காங்க, அதுவும் போடறதுக்கு முந்தி டெம்பரேச்சர் பாத்து எழுதி வச்சுட்டுத்தான் போடணும், இல்லன்னா காய்ச்சல் மறைஞ்சு இன்ஃபெக்‌ஷன் தெரியாமப் போயிரும்.

லெவோஃபுளாக்சசின் குடுத்தா குதிகாலுக்கு மேல இருக்க தசைநார் வலிக்குதான்னு கவனிங்க. ஸ்டீராய்டோட சேத்து சாப்பிட்டா அது அறுந்துபோக வாய்ப்பு அதிகம். எனக்கு வலி வந்த அன்னைக்கே போன் பண்ணேன், மருந்தை மாத்திட்டாங்க.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திருச்சி தங்கச்சி, அப்பா காய் வாங்கப் போறாருன்னு படிச்சதும் கண்ணு கலங்கிருச்சும்மா. தம்பி, டெம்பரேச்சர் விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்ல, நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

நேத்து காலையில மாஸ்க் போட்டுக்கிட்டு வாசல்ல குத்தவச்சு நாலு புள்ளி கோலம் போட்டேன். எந்திரிக்கறப்ப நிலையைப் பிடிச்சேன், ஆனா யாரையும் கூப்பிடல.

இன்னொண்ணு கேக்கணும். டெக்ஸா ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி கொறஞ்சிருக்குன்னு வர்ற வாரம் சோலெட்ரோனிக் ஊசி போடச் சொல்லியிருக்காங்க. அது போட்டா மறுபடி உடம்பு வலி வரும்ங்கறாங்க, யாராவது போட்டிருக்கீங்களா?

நொய்யல் மைந்தன்:

எனக்கு போன வருசம் போட்டாங்கக்கா. மறுநாள் அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, 100 டிகிரி காய்ச்சல், மூணாவது நாள் எல்லாம் போயிருச்சு. காய்ச்சல்னாலே நமக்கு பதறும்ல, அதனால ஊசி போடறதுக்கு முந்தியே டீம்கிட்ட எத்தன டிகிரி வந்தா, எத்தன நாள் தாண்டுனா கூப்பிடணும்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. கால்சியம், வைட்டமின் டி லெவல் பாத்துட்டுத்தான் போடுவாங்க. முந்தின நாளும் அன்னைக்கும் நல்லா தண்ணி குடிங்க. போட்டுட்டு எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்கக்கா.